பைப்பாலூட்டிகளின் மேல் வாழும் சிற்றுண்ணிகள்: இளம் பருவங்களை உருவம் பார்த்து அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

வாம்பேட், போசம், பாண்டிகூட், கோலா போன்ற பைப்பாலூட்டிகளின் ரோமத்தைச் சீவி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் பெரும்பாலும் கண்ணில் படுவது முழு வளர்ச்சி அடைந்த சிற்றுண்ணிகள் (மைட்) அல்ல, முட்டையிலிருந்து வந்த லார்வாக்களும் அதற்கு அடுத்த இளம் பருவமான நிம்ஃபுகளும்தான். ஆனால் அடையாளம் காண உதவும் திறவுகோல்களில் பெரும்பாலானவை வளர்ந்த பெண்ணை வைத்தே எழுதப்பட்டவை. அதனால் மாணவர்கள் பலர் இளம் பருவங்களை ஒரு குப்பியில் போட்டு, 'முதிராதவை' என்று சீட்டு எழுதி ஒதுக்கிவிடுகிறார்கள். அதில் பாதித் தகவல் போய்விடுகிறது. எந்த விலங்கில் சிற்றுண்ணி நிஜமாகவே இனப்பெருக்கம் செய்கிறது, எதில் வழிதவறி ஏறியிருக்கிறது என்பதை இளம் பருவங்களை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இந்த வேலைக்கு ஒரே ஒரு அடிப்படை விதி போதும்: உடலின் அளவை நம்பாதீர்கள். இரை எடுத்தால் உப்பும் உடலை விட்டுவிட்டு, உப்பாத பாகங்களைப் பாருங்கள். தகடு, மயிர், கால் நுனி, மூச்சுக்குழல் திறப்பு ஆகியவைதான் பருவத்தைச் சொல்லும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த விதியின் நடைமுறைதான்.

சேகரிப்பு: எங்கே தேடுவது

ஆஸ்திரேலியாவில் காட்டு விலங்கைத் தொடவே அனுமதி வேண்டும். வலையில் பிடித்த விலங்கோ, சாலையில் அடிபட்டுக் கிடந்ததோ, அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். கையுறை கட்டாயம். வாம்பேட்டின் சொறிச் சிற்றுண்ணி மனிதத் தோலிலும் ஏறி அரிப்பைக் கொடுக்கும்.

எந்தக் குழு எங்கே இருக்கும் என்பது ஓரளவு நிலையானது. சிகர் எனப்படும் டிராம்பிகுலிட் லார்வாக்கள் காது மடல், காதின் உட்புறம், பையின் விளிம்பு, தொடை இடுக்கு என்று தோல் மெலிந்த இடங்களில் கூட்டமாக ஒட்டியிருக்கும். அடோபோமெலிட் ரோமச் சிற்றுண்ணிகள் ஒற்றை ரோமத்தைக் கட்டிப்பிடித்தபடி முதுகு முழுக்கக் கிடக்கும். லேலாப்பிட் வகை ரோமத்துக்குள் ஓடித் திரியும். விலங்கின் கூட்டுப் பொந்திலும் கிடைக்கும். சொறிச் சிற்றுண்ணியான சார்காப்டெஸ் தடித்த பொருக்குக்குள் சுரங்கம் போட்டிருக்கும். டெமோடெக்ஸ் மயிர்க்கால் குழிக்குள் புதைந்திருக்கும். அன்டெகினஸ் என்ற சிறு பைப்பாலூட்டியிலிருந்து 1970-ல் டெமோடெக்ஸ் அன்டெகினை என்ற இனம் விவரிக்கப்பட்டது.

ஓடித் திரிபவற்றுக்குச் சீப்பு போதும். சிகரை மெல்லிய இடுக்கியால், அடியில் கொஞ்சம் தோலோடு சேர்த்து எடுப்பது நல்லது; இழுத்தால் வாயுறுப்பு அறுந்து தோலிலேயே தங்கிவிடும். இறந்த விலங்கு என்றால் சோப்புக் கரைசலில் கழுவி, நீரை நுண்சல்லடையில் வடிகட்டினால் எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் வந்துவிடும். அருங்காட்சியகத்தில் உள்ள பழைய பாடம் செய்த தோல்களிலும் ரோமச் சிற்றுண்ணிகள் ஒட்டியபடியே இருக்கும். இந்தத் துறையில் விவரிக்கப்பட்ட இனங்களில் கணிசமானவை அப்படிக் கிடைத்தவைதான்.

உருவ ஆய்வுக்கு மட்டும் என்றால் 70 முதல் 80 சதவீத எத்தனால். டி.என்.ஏ.வும் வேண்டுமென்றால் 95 சதவீதம். இரண்டு குப்பியாகப் பிரித்து வைப்பதே புத்திசாலித்தனம், ஏனென்றால் 95 சதவீதத்தில் கிடந்த மாதிரி விறைத்துப்போய் கால்கள் ஒடியும்.

தெளிவாக்குதலும் ஸ்லைடும்

இளம் பருவத்தின் தோல் மெல்லியது. வளர்ந்த பெண்ணுக்குச் சரியாக இருக்கும் நேரம் லார்வாவைக் கரைத்துக் கூழாக்கிவிடும். லாக்டிக் அமிலத்தில் மெதுவாகத் தெளியவிடுவதுதான் பாதுகாப்பு. அறை வெப்பத்தில் வைத்து, அடிக்கடி எட்டிப் பார்த்து, உள்ளுறுப்புகள் மறைந்து மயிர்களின் அடிக்குழிகள் தெரியத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். வாம்பேட் பொருக்கு மாதிரி கெட்டியான பொருளுக்கு மட்டும் 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. வெதுவெதுப்பாக்கி, பொருக்கு கரைந்ததும் மையவிலக்கில் சுற்றி, அடியில் தங்கியதைப் பாருங்கள். அந்தக் கரைசலில் ஒரு இரவு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் காலை அங்கே வெறும் தோல் உறைதான் இருக்கும்.

ஸ்லைடில் மாதிரியைப் பதிக்க இன்றும் ஹோயர் ஊடகத்தைத்தான் பலரும் பயன்படுத்துகிறார்கள்: காய்ச்சி வடித்த நீர் 50 மில்லி, அரபிக் கோந்து 30 கிராம், குளோரல் ஹைட்ரேட் 200 கிராம், கிளிசரின் 20 மில்லி, இதே வரிசையில். குளோரல் ஹைட்ரேட் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள். ஆய்வகத்தின் பெயரில்தான் வாங்க முடியும். கவர்ஸ்லிப் போட்டபின் 45 முதல் 50 டிகிரி செல்சியஸ் அடுப்பில் சுமார் ஒரு வாரம் உலரவிட்டு, ஓரத்தை அரக்கு வார்னிஷால் மூடவும். மூடாவிட்டால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி ஊடகம் இளகிவிடும்.

ஒரே வகையில் பல மாதிரி இருந்தால் பாதியை முதுகு மேலே இருக்கும்படியும், பாதியை வயிறு மேலே இருக்கும்படியும் வையுங்கள். நிறமற்ற நுண்பாகங்களையும் பிரித்துக் காட்டும் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் வசதி இல்லாத நுண்ணோக்கியில் லார்வாவின் மயிர்களை எண்ண முயல்வது கண்ணுக்குக் கேடு, எண்ணிக்கையும் தவறும்.

முதல் கேள்வி: எந்தப் பெரும் குழு?

பருவத்தை நேரடியாகத் தேட ஆரம்பிக்காதீர்கள். சிற்றுண்ணிகளில் இரண்டு பெரும் கிளைகள் உண்டு: பாராசிடிஃபார்ம், அகாரிஃபார்ம். 'இளமை' என்பது இரண்டிலும் வேறு வேறு இடங்களில் எழுதப்பட்டிருக்கும். அதனால் குழு முதலில், பருவம் அப்புறம்.

கால் உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே காக்ஸா என்ற அடிக்கணு தனித்து, அசையக்கூடியதாக இருந்தால் பாராசிடிஃபார்ம். காக்ஸா வயிற்றுத் தோலோடு ஒட்டிப்போய், வெறும் கோடுகளாக மட்டும் தெரிந்தால் அகாரிஃபார்ம். சந்தேகமாக இருந்தால் துருவ ஒளியைப் போட்டுப் பாருங்கள். அகாரிஃபார்ம் மயிர்களின் உள்தண்டு இருட்டில் பளிச்சென்று ஒளிரும். பாராசிடிஃபார்ம் மயிர்கள் ஒளிராது. மிகச் சிறிய லார்வாவிலும் இது வேலை செய்யும். சாதாரண நுண்ணோக்கியிலும் இரண்டு துருவப்படுத்தும் தகடுகள் வைத்துச் செய்துவிடலாம். இவ்வளவு எளிய சோதனையைப் பாடத்திட்டங்கள் ஏன் ஓரமாக வைத்திருக்கின்றன என்று புரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. கிழக்கு ஆஸ்திரேலியாவின் பாண்டிகூட்களில் பக்கவாத உண்ணியான இக்சோடெஸ் ஹோலோசைக்ளஸின் லார்வாக்கள் ஏராளமாக ஏறும். அவற்றுக்கும் ஆறு கால்கள்தான். வாயின் நடுவே பின்னோக்கி வளைந்த பற்கள் வரிசையாக உள்ள தண்டு தெரிந்தால் அது உண்ணி. சிற்றுண்ணிக் குப்பியிலிருந்து எடுத்துவிடுங்கள். (பாண்டிகூட் என்று இங்கே சொல்வது நம்மூர்ப் பெருச்சாளியை அல்ல. அது கொறிணி, இது பையுள்ள விலங்கு.)

கால்களை எண்ணுவது

ஆறு கால் என்றால் லார்வா, எட்டு கால் என்றால் நிம்ஃப் அல்லது வளர்ந்தது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கால்களை எண்ணாதீர்கள், காக்ஸாக்களை எண்ணுங்கள். ஸ்லைடு போடும்போது கால் ஒடிவது சகஜம், அடிக்கணு ஒடியாது. நான்காம் ஜோடிக் கால் ஒடிந்த நிம்ஃப் ஒன்று லார்வாவாகப் பதிவாகிவிட்டால் அதை அப்புறம் யாரும் திருத்தப்போவதில்லை.

வாழ்க்கைச் சுழற்சியின் வரிசையும் நினைவில் இருக்கட்டும். பாராசிடிஃபார்ம் கிளையில், லேலாப்பிட் அடங்கிய மீசோஸ்டிக்மாட்டா குழுவில் முட்டை, லார்வா, புரோட்டோநிம்ஃப் (முதல் நிம்ஃப்), டியூட்டோநிம்ஃப் (இரண்டாம் நிம்ஃப்), வளர்ந்தது. அகாரிஃபார்ம் கிளையின் சார்காப்டெஸ், அடோபோமெலிட் போன்ற அஸ்டிக்மாட்டா ஒட்டுண்ணிகளில் டியூட்டோநிம்ஃப் பருவம் கழன்றுபோய்விட்டது. லார்வா, புரோட்டோநிம்ஃப், டிரைட்டோநிம்ஃப் (மூன்றாம் நிம்ஃப்), வளர்ந்தது என்று போகும். டிராம்பிகுலிட் கதை தனி. அதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

லேலாப்பிட்: தகடுகளைப் படியுங்கள்

தூரிகைவால் போசமில் சகஜமாகக் கிடைக்கும் டிரைக்கோசுரோலேலாப்ஸ் கிராசிபெஸ் இந்தக் குழு. போசம் 19-ஆம் நூற்றாண்டில் ரோமத் தொழிலுக்காக நியூசிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டபோது இதுவும் கூடவே போய்ச் சேர்ந்தது. அங்கே போசம் சீவினாலும் இது கிடைக்கும்.

லார்வா வெளிறி, மென்மையாக, தகடு ஏதும் உறுதிப்படாமல் இருக்கும். உடலின் பக்கவாட்டில் மூச்சுத் துளையும், அதிலிருந்து முன்னோக்கி ஓடும் பெரிட்ரீம் என்ற குழாய்க் கோடும் இருக்காது. புரோட்டோநிம்ஃபில் பெரிட்ரீம் வரும், ஆனால் குட்டையாக. டியூட்டோநிம்ஃபில் நீண்டு முன்கால்கள் வரை போகும்.

முதுகில் புரோட்டோநிம்ஃபுக்கு இரண்டு தகடுகள்: முன்னே ஒன்று பெரிதாக, பின்னே ஒன்று சிறிதாக, நடுவில் சின்னச் சின்ன தகட்டுத் துணுக்குகள். டியூட்டோநிம்ஃபில் இரண்டும் சேர்ந்து ஒன்றாகும். சில இனங்களில் இணைந்த இடத்தில் ஓரத்தில் வெட்டு மிஞ்சியிருக்கும். வயிற்றுப் பக்கத்தில் மார்புத் தகட்டின் மயிர்களை எண்ணுங்கள்: புரோட்டோநிம்ஃபில் மூன்று ஜோடி, டியூட்டோநிம்ஃபில் நான்கு. வாயருகே உள்ள உணர்கொம்பின் அடிக்கணுவிலும் ஒரு கணக்கு உண்டு. லார்வாவில் மயிர் இல்லை, புரோட்டோநிம்ஃபில் ஒன்று, டியூட்டோநிம்ஃபில் இரண்டு. உடல் நசுங்கிப் போன மாதிரியிலும் இந்த ஒற்றைக் கணு தப்பித்திருந்தால் பருவத்தைச் சொல்லிவிடலாம்.

டியூட்டோநிம்ஃபையும் ஆணையும் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கும், இரண்டும் அளவில் நெருக்கம். ஆணின் மார்புத் தகட்டு முன்விளிம்பில் இனப்பெருக்கத் துளை இருக்கும். வாயின் இடுக்கி போன்ற உறுப்பான செலிசெராவின் அசையும் விரலோடு விந்து மாற்றும் குழல் ஒன்று நீண்டிருக்கும். இரண்டும் இல்லையென்றால் அது டியூட்டோநிம்ஃப்.

சார்காப்டெஸ்: கால் நுனிகளைப் படியுங்கள்

வாம்பேட்டின் சொறி உலக அளவில் பேசப்படுவதற்குக் காரணம் உண்டு. டாஸ்மேனியாவின் நரவன்டாப்பு தேசியப் பூங்காவில் 2010-க்கும் 2017-க்கும் இடையே வாம்பேட் எண்ணிக்கை 94 சதவீதம் சரிந்தது. காரணம் சார்காப்டெஸ் ஸ்கேபியை. மனிதருக்கும் நாய்க்கும் சொறி தரும் அதே இனம். ஐரோப்பியர் குடியேற்றத்தோடு ஆஸ்திரேலியாவுக்கு வந்ததாகக் கருதப்படுகிறது.

இங்கே அளவை நம்பினால் நிச்சயம் ஏமாறுவீர்கள். வளர்ந்த பெண் 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர். ஆண் அதில் பாதிதான், 0.2 முதல் 0.28 வரை. அதாவது ஆணும் நிம்ஃபும் ஏறக்குறைய ஒரே அளவு. முதுகைப் பார்த்தும் பயனில்லை. கைரேகை போன்ற வரிகளும், செதில்களும், முள்மயிர்களும் எல்லாப் பருவத்திலும் ஏறக்குறைய இருக்கும். எனவே மாதிரியை வயிறு மேலே வைத்து, கால்கள் எதில் முடிகின்றன என்று பாருங்கள். இரண்டே வகை முடிவுகள்தான்: நீண்ட காம்பின் நுனியில் சிறு உறிஞ்சுக் கிண்ணம், அல்லது உடலைத் தாண்டி நீளும் ஒரு நெடுமயிர்.

முதல் இரண்டு ஜோடிக் கால்களும் எல்லாப் பருவத்திலும் கிண்ணத்தில் முடியும், மூன்றாவது நெடுமயிரில் முடியும். லார்வாவில் கதை இதோடு முடிந்தது. நான்காவது ஜோடி இருந்தால் அதன் நுனிக்குப் போங்கள். கிண்ணம் இருந்தால் ஆண். வேறு எதற்கும் நான்காம் காலில் கிண்ணம் கிடையாது. நெடுமயிர் இருந்தால் நிம்ஃபோ பெண்ணோ. இனி வயிற்றின் நடுப்பகுதியில் குறுக்காக ஓடும் முட்டையிடும் பிளவைத் தேடுங்கள். இருந்தால் பெண், இல்லையென்றால் நிம்ஃப். மூன்று பார்வையில் முடிந்துவிடும்.

புரோட்டோநிம்ஃபா டிரைட்டோநிம்ஃபா என்பது மட்டும் பொறுமை கேட்கும். அஸ்டிக்மாட்டாவில் பொதுவாக, பருவம் ஏற ஏற இனப்பெருக்கப் பகுதியைச் சுற்றியும் கால்களின் அடிக்கணுக்களிலும் மயிர்கள் கூடும். ஒரே ஸ்லைடில் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல், ஒற்றை மாதிரியை வைத்து முடிவு சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 'நிம்ஃப்' என்று மட்டும் எழுதுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

ரோமச் சிற்றுண்ணிகள்

அடோபோமெலிடே குடும்பம் ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளில் பல்கிப் பெருகியிருக்கிறது. கோலாவில் கோலாகைரஸ் பெர்கின்சி, தூரிகைவால் போசமில் அடெல்லானா பாபிலியோ, பெட்ரோகலோகைரஸ் டைசி. பொடரூ என்ற சிறு கங்காரு உறவினத்தில் சைட்டோஸ்டெத்தம் பேரினத்தின் பல இனங்கள் ஒரே விலங்கின் மேல் சேர்ந்து வாழ்கின்றன. கடைசியாகச் சொன்னதுதான் தலைவலி. ஒரே ரோமக் கற்றையில் கிடைத்த லார்வா அங்கிருக்கும் எந்த இனத்தின் பிள்ளை?

குடும்பத்தை அறிவது கஷ்டமில்லை. முன்னிரு ஜோடிக் கால்களும் அவற்றின் அடிப்பகுதியும் ரோமத்தை இறுக்கிப் பிடிக்கும் வகையில் தட்டையாகி, வரிவரியாக இருக்கும். லார்வாவுக்கே இந்தப் பிடி உண்டு. பிறந்த நாளிலிருந்து ரோமத்தில் தொங்க வேண்டுமே! இனத்தைத் தீர்மானிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தோலுரிக்கப்போகும் மாதிரியைத் தேடுவது. பழைய தோலுக்குள் அடுத்த பருவம் முழுதாக உருவாகி மடங்கிக் கிடக்கும். நன்கு தெளிவாக்கிய ஸ்லைடில் வெளித்தோலின் மயிர்களும் உள்ளே இருப்பதன் மயிர்களும் இரண்டு அடுக்காகத் தெரியும். நிம்ஃபின் தோலுக்குள் பெண் தெரிந்தால் அந்த நிம்ஃபின் இனம் சந்தேகமின்றித் தீர்ந்தது. அப்படிப்பட்ட ஒரு மாதிரி, தனித்தனியாக எடுத்த ஒரு தட்டு மாதிரிகளைவிட மதிப்பானது. இன்னொன்று, ஜோடி. வளர்ந்த ஆண் டிரைட்டோநிம்ஃப் நிலையில் உள்ள பெண்ணைப் பிடித்து, அது தோலுரிக்கும்வரை காத்திருக்கும் பழக்கம் இந்த உறவுக் கூட்டத்தில் உண்டு. எத்தனாலில் விழுந்தபின்னும் ஜோடி பிரியாமல் இருந்தால் பிரிக்காமல் அப்படியே ஸ்லைடு போடுங்கள்.

சிகர்: லார்வாவே முழுக் கதை

டிராம்பிகுலிட் குழுவில் எல்லாம் தலைகீழ். லார்வா மட்டும்தான் ஒட்டுண்ணி. ஒருமுறை உண்டு, விழுந்து, மண்ணுக்குள் போய்விடும். அப்புறம் அசையாத புரோட்டோநிம்ஃப், நடமாடும் டியூட்டோநிம்ஃப், மறுபடி அசையாத டிரைட்டோநிம்ஃப், வளர்ந்தது. நடமாடும் பருவங்கள் மண்ணில் பிற கணுக்காலிகளின் முட்டைகளைத் தின்று வாழும். ஆகவே போசமின் ரோமத்தில் வெல்வெட் போல அடர்ந்த மயிரோடு எட்டுக்கால் டிராம்பிகுலிட் ஒன்று கிடைத்தால், அது மண்ணோடு ஒட்டி வந்தது. ஒட்டுண்ணிப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

வளர்ந்தவை கைக்கு அகப்படுவது அரிது என்பதால் இக்குழுவின் வகைப்பாடே லார்வாவின் உருவத்தில்தான் நிற்கிறது. இங்கே இளம் பருவத்தின் உருவவியல் துணைப்பாடம் அல்ல, பாடமே அதுதான்.

லெப்டோட்ராம்பிடியம் டெலியென்ஸை எடுத்துக்கொள்வோம். 1922-ல் சுமத்ராவின் டெலி பகுதியிலிருந்து விவரிக்கப்பட்டது. வடக்குக் குயின்ஸ்லாந்தில் பாண்டிகூட்களிலும் எலிகளிலும் வாழ்ந்து ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் நோயைப் பரப்புகிறது. தென்னிந்தியாவில் எலி, மூஞ்சூறுகளில் ஏறி அதே நோயைப் பரப்புவதும் இதே இனம்தான். எனவே இந்த ஒரு லார்வாவைப் படிக்கக் கற்றுக்கொண்டால் இரு நாட்டிலும் பயன்படும்.

இரை எடுக்காத லார்வா சுமார் 0.2 மில்லிமீட்டர். வயிறு நிறைந்தபின் பல மடங்கு உப்பி, மயிர் வரிசைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப்போய், வேறு இனம் போலவே தெரியும். ஆனால் முதுகின் முன்பகுதியில் உள்ள ஸ்கூட்டம் என்ற ஒற்றைத் தகடு உப்பாது. பலூன் ஊதும்போது அதில் ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருப்பதைப் போல.

அந்தத் தகட்டில் ஐந்து மயிர்கள்: முன்விளிம்பின் நடுவே ஒன்று, முன்மூலைகளில் இரண்டு, பின்மூலைகளில் இரண்டு. இவற்றுக்கு நடுவே இரண்டு உணர்மயிர்கள் குழிகளிலிருந்து எழும். லெப்டோட்ராம்பிடியத்தில் இவை சாட்டை போல மெலிந்து நீளும். ஷோயன்காஸ்டியா போன்ற பேரினங்களில் நுனி பருத்து கதாயுத வடிவில் இருக்கும். முன்விளிம்பின் நடுவே ஒன்றுக்குப் பதில் இரண்டு மயிர் இருந்தால் நீங்கள் பார்ப்பது லியுவென்ஹோக்கியிட் கூட்டம். உறுதிப்படுத்தக் கால் கணுக்களை எண்ணுங்கள். அங்கே மூன்று கால்களிலும் ஆறு ஆறு கணுக்கள். லெப்டோட்ராம்பிடியத்தில் ஏழு ஏழு. கார்லீப்பியா கூட்டத்தில் முதல் காலில் ஏழு, மற்றவற்றில் ஆறு.

அளவெடுப்பது இப்படி: முன்மூலை மயிர்களின் அடிக்குழிகளுக்கு இடையே உள்ள தூரம், பின்மூலை மயிர்களுக்கு இடையே, உணர்மயிர்களுக்கு இடையே. அதன்பின் உணர்மயிர்க் கோட்டிலிருந்து தகட்டின் முன்விளிம்பு வரையும் பின்விளிம்பு வரையும். அடிக்குழியின் மையத்திலிருந்து மையத்துக்கு அளக்க வேண்டும், விளிம்பிலிருந்து அல்ல. நெருங்கிய இனங்களுக்கு இடையே வித்தியாசம் சில மைக்ரான்தான். தகடு சாய்ந்து கிடக்கும் மாதிரியை அளக்காமல் விட்டுவிடுங்கள். சாய்வு தரும் பிழை இன வித்தியாசத்தைவிடப் பெரிது.

அடுத்து முதுகு மயிர்களின் வரிசைக் கணக்கு. டெலியென்ஸில் முன்னிருந்து பின்னாக 2, 8, 6, 6, 4, 2 என்று வரும். கடைசி இரண்டு வரிசைகள் வளைவில் போய்விடுவதால் எண்ணிக்கை ஒன்றிரண்டு மாறும். பல மாதிரிகளைப் பாருங்கள். உணர்கொம்பின் நகம் எத்தனை கவராகப் பிரிகிறது, அதன் மயிர்கள் வழவழப்பா இறகு போலக் கிளைத்தவையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு எண்ணெய் அமிழ்வு 100 மடங்கு லென்ஸ் தேவை. முதல் இரண்டு காக்ஸாக்களுக்கு இடையே ஒரு சிறு குமிழ் உறுப்பும் தெரியும். அது லார்வாவில் மட்டுமே உண்டு, பின்னர் மறைந்துவிடும்.

பதிவும் பாதுகாப்பும்

படம் வரையும்போது நடுக்கோட்டின் ஒரு பாதியில் முதுகு, மறு பாதியில் வயிறு என்று வரைவது இத்துறையின் வழக்கம். புகைப்படம் மட்டும் போதாது. ஒரே குவியத்தில் எல்லா மயிரும் தெரியாது. அளவுகளைக் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என்று எழுதி, எத்தனை மாதிரி அளந்தீர்கள் என்பதையும் சேருங்கள்.

மாதிரிகள் பொது அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆஸ்திரேலியாவில் கான்பெராவின் தேசியப் பூச்சித் தொகுப்பு, அடிலெய்டின் தென் ஆஸ்திரேலிய அருங்காட்சியகம், பிரிஸ்பேனின் குயின்ஸ்லாந்து அருங்காட்சியகம் ஆகியவை இந்தக் குழுவுக்குத் தெரிந்த இடங்கள். சிற்றுண்ணி ஆய்வாளர்களான ஹெர்பர்ட் வோமர்ஸ்லியும், அவருக்குப் பின் ராபர்ட் டோம்ரோவும் பல பத்தாண்டுகள் உழைத்துக் கட்டிய அடித்தளத்தின் மீதுதான் இன்றைய வேலை நடக்கிறது. சந்தேகம் வந்தால் பழைய ஸ்லைடுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

ஸ்லைடின் சீட்டில் விருந்தோம்பி விலங்கின் அறிவியல் பெயர், உடலில் எந்த இடம், ஊர், தேதி, பருவம், ஊடகம் ஆகிய ஆறும் இருக்கட்டும். விலங்கின் பெயரை 'போசம்' என்று மட்டும் எழுதினால் அது தூரிகைவாலா, வளையவாலா, அமெரிக்க ஓபோசமா என்று யாருக்கும் தெரியாது. ஊடகத்தின் பெயரும் அவசியம்: முப்பது ஆண்டு கழித்து ஹோயர் இறுகிப் படிகமாகும்போது, எதில் ஊறவைத்து மீட்பது என்பதை மறுபடி ஏற்றுபவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.